திறந்த கணக்கும் கேட்கும் உரிமையும்

நுழையும்முன்

ஊர்ப் பொதுப்பணத்தைச் செலவிடுபவர் யார், அவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டார், செலவுக் கணக்கை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்னும் வினாக்கள் புதியவை அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்து ஊர்ச் சபைகள் இவற்றுக்கு விடை தேடின. கண்ட விடைகளைக் கல்லில் பொறித்தும் வைத்தன. அவ்விடைகளுள் இன்றைக்கும் பொருந்துவன எவை, கைவிடத்தக்கன எவை, இன்றைய சட்டம் குடிமக்களுக்கு வழங்கியுள்ள உரிமை எத்தகையது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

நெல்லைச் சாலையில் ஒரு கல்வெட்டு

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில், சங்கரனும் நாராயணனும் ஓருருவாய்க் காட்சிதரும் கோயிலால் பெயர்பெற்ற ஊர். ஆடித்தபசுத் திருவிழாவும் விசைத்தறி நெசவும் பூச்சந்தையும் அதன் அடையாளங்கள். இவ்வூரிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் மானூர் என்னும் ஊர் உள்ளது. மாணவரும் வணிகரும் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் அவ்வூரின் கோயிலில், தமிழக உள்ளாட்சி வரலாற்றின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று இடம்பெற்றுள்ளது.

பாண்டிய மன்னன் மாறன்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 800இல், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு அது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முற்பட்டது. ஊர்ச் சபையில் உறுப்பினராவதற்கு உரிய தகுதிகளை அது வரையறுக்கிறது. ஊரில் நிலப்பங்கு உடையவராகவும் நூலறிவும் நல்லொழுக்கமும் உடையவராகவும் இருப்போரே சபையில் அமரலாம். முழு உறுப்புரிமை இல்லாதோர் எந்த வாரியத்திலும் பணியாற்ற இயலாது. வாரியம் என்பது ஊர்ப்பணிகளைப் பகுத்துச் செய்த செயற்குழு.

இக்கல்வெட்டின் மற்றொரு விதி கருதத்தக்கது. சபையின் முன்வைக்கப்படும் ஒவ்வொன்றையும் 'அன்று, அன்று' என்று மறுத்துக்கொண்டே இருத்தல் கூடாது. அவ்வாறு மறுப்பவரும் அவருக்குத் துணைநிற்பவரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து காசு தண்டம் செலுத்த வேண்டும். தண்டம் செலுத்திய பின்னரும் அவர்கள் அதே விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்களே. கூட்டத்தை முடக்குவதற்காகவே எதிர்ப்பவரைக் கட்டுப்படுத்த எழுந்த விதி இது. ஆயினும் காரணத்தோடு மறுப்பவர் யார், முடக்குவதற்காக மறுப்பவர் யார் என்பதைப் பிரித்தறியும் பொறுப்பு வலியவர் கையில் மட்டும் இருந்தால், நேர்மையான கேள்வியும் தண்டத்துக்கு உள்ளாகக்கூடும். கூட்டம் நடைபெறவும் வேண்டும். கேள்விக்கு அங்கே இடமும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பது எவ்வாறு என்பது மானூர்ச் சபைக்கு எழுந்த சிக்கல். இன்றைய சபைகளுக்கும் அதுவே சிக்கல்.

குடத்தில் ஓலை, சபையின்முன் கணக்கு

மானூரில் தொடக்கநிலையில் காணப்படும் விதிமுறைகள் சோழர் காலத்தில் விரிவான அமைப்பாக வளர்ந்தன. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோரின் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டனர். இளையோரும் முதியோரும் கூடியிருக்கும் சபையில் குடம் அனைவரும் காணும்படி உயர்த்திக் காட்டப்பட்டது. ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதைப் பெறும் மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏந்தி வாங்கி உரக்கப் படித்தார். கூடியிருந்த நம்பிமாரும் அதனை வாங்கிப் படித்த பின்னரே அப்பெயர் ஏற்கப்பட்டது.

விரல்கள் விரிந்திருக்க வேண்டும் என்று கல்லில் எழுதிய கவனம் வியப்புக்குரியது. கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடலாம் என்னும் ஐயத்தை முன்னரே உணர்ந்து, அதற்கு இடமில்லாமல் செய்திருக்கின்றனர். மத்தியஸ்தர் நேர்மையானவர் என்று நம்பி விட்டுவிடாமல், அவரது நேர்மையை அனைவரும் கண்ணால் காணும்படி நடைமுறையை அமைத்துள்ளனர். இன்று 'வெளிப்படைத்தன்மை' என்று சுட்டப்படுவது இதுவே.

தேர்தலைக் காட்டிலும் கணக்கில் அச்சபை கடுமை காட்டியது. வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழந்தனர். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரின் பெயரும் குடத்தில் இடப்படவில்லை. வாரியங்களின் பணிக்காலம் 360 நாள். குற்றம் கண்டறியப்பட்ட உறுப்பினர் உடனே நீக்கப்பட்டார். கணக்கெழுதுபவர் தம் காலத்துக் கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் ஒப்படைத்து, அது தூயதெனக் காணப்பட்ட பின்னரே மீண்டும் அப்பணியைப் பெறலாம். ஒருவர் எழுதிய கணக்கை அவரே முடித்துக் காட்ட வேண்டும். வேறொரு கணக்கரைக் கொண்டு முடித்தல் கூடாது.

தெரிந்து தெளிவோம்

குடவோலை பற்றிய குறிப்பு சங்க இலக்கியத்திலேயே இடம்பெற்றுள்ளது. அகநானூற்றின் 77ஆம் பாடலில் மருதன் இளநாகனார், கயிற்றால் கட்டப்பட்ட குடத்திலிருந்து ஓலைகளை வெளியே எடுக்கும் காட்சியை உவமையாகக் கையாள்கிறார்.

அன்றைய வாயிலின் அகலம்

பழைய சபைகளின் ஒழுங்கைப் போற்றும்போது அவற்றின் எல்லையையும் மறைக்காமல் கூற வேண்டும். மானூரும் உத்திரமேரூரும் பிரமதேயங்கள், அதாவது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர்கள். உத்திரமேரூரில் வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவரே குடவோலைக்குத் தகுதி பெற்றனர். 921ஆம் ஆண்டு விதிப்படி அவர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருத்தல் வேண்டும். பெண்களுக்கு அச்சபையில் இடமில்லை. நிலத்தை உழுதவருக்கும் ஏரிக்கரையில் மண் சுமந்தவருக்கும் இடமில்லை. கணக்கு சபையின் முன் திறந்து வைக்கப்பட்டது. ஆனால் சபையின் வாயில் சிலருக்கே திறந்திருந்தது.

ஆகவே பழைய சபைகளிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது அவற்றின் நடைமுறையையே. அவற்றின் உறுப்புரிமையை அன்று.

அரசமைப்பு திறந்த வாயில்

1992இல் இயற்றப்பட்ட அரசமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்றும், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 74ஆம் திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடத்துவதும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு இட ஒதுக்கீடு வழங்குவதும் அரசமைப்பின் கடமைகளாயின. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன.

இச்சட்டங்களின் அடித்தளம் கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். இவ்வுறுப்புரிமைக்கு நிலம் வேண்டுவதில்லை. கல்வித் தகுதியும் வேண்டுவதில்லை. சட்டமன்றமும் நாடாளுமன்றமும் தேர்ந்தெடுக்கப்பட்டோர் கூடும் அவைகள். கிராம சபையோ தேர்ந்தெடுப்போரே நேரில் கூடும் அவை. ஊராட்சியின் வரவுசெலவுத் திட்டம், வளர்ச்சிப் பணிகள், பயனாளிகள் பட்டியல், தணிக்கை அறிக்கை ஆகியவை அங்கு மக்கள்முன் வைக்கப்பட வேண்டும். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்தநாள் ஆகிய நான்கு நாள்களில் நடைபெற்றுவந்த கூட்டம், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து ஆறு நாள்களில் நடைபெறும் என 2022இல் அறிவிக்கப்பட்டது. ஊராட்சியின் மக்கள்தொகைக்கு ஏற்ப 50 முதல் 300 பேர் வரை குறைந்தளவு வருகை விதிக்கப்பட்டுள்ளது.

சட்டம் வாயிலைத் திறந்த பின்னரும் சில ஊர்களில் மக்கள் உள்ளே வர இயலவில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. சாதி எதிர்ப்பால் பத்தாண்டுக் காலம் அங்கே முறையான தேர்தல் நடைபெறவில்லை. நடைபெற்றபோதும் வென்றவர் உடனே பதவி விலகினார். 2006இல்தான் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பொறுப்பேற்றனர். அதே பாப்பாபட்டியில் 2021 அக்டோபர் 2 அன்று நடைபெற்ற கிராம சபையில் தமிழ்நாட்டின் முதலமைச்சர் கலந்துகொண்டார். சபையில் அமரும் உரிமை ஏட்டில் கிடைப்பது ஒன்று. ஊரில் கிடைப்பது மற்றொன்று. இரண்டாவதற்குச் சட்டத்தோடு சமூக மனமாற்றமும் தேவைப்படுகிறது.

ஐந்தாண்டு வெற்றிடம்

தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லாத காலத்தில் மக்கள் யாரிடம் கணக்குக் கேட்பது? சங்கரன்கோவில் வட்டாரத்து ஊராட்சிகளுக்கு இவ்வினா உண்மையிலேயே எழுந்தது. தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிவடைந்தது. அம்மாதம் நடைபெறவிருந்த தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கம் செய்தது. தனி அலுவலர்கள் நிருவாகப் பொறுப்பை ஏற்றனர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாயிற்று. அடுத்த மாதம் ஊரகப் பகுதிகளுக்குத் தேர்தல் நடைபெற்றபோது, தென்காசி, திருநெல்வேலி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் வார்டு வரையறைப் பணிக்காகத் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. அம்மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் ஊரக வாக்குப்பதிவு நடைபெற்றது. நகர்ப்புறங்களுக்கு 2022 பிப்ரவரி 19இல் தேர்தல் நடைபெற்றது.

ஒன்பது வயதுச் சிறுமி பதினான்கு வயதை எட்டும் காலம் அது. அக்காலத்திலும் தெருவிளக்கு எரிய வேண்டியிருந்தது. குடிநீர் வர வேண்டியிருந்தது. அலுவலர்கள் அப்பணிகளைச் செய்தனர். ஆயினும் அலுவலர் மேலதிகாரிக்கு விடையளிப்பவர். உறுப்பினர் தமக்கு வாக்களித்த தெருவுக்கு விடையளிப்பவர். இவ்விரு பொறுப்புகளும் ஒன்றாகா. தேர்தல் உரிய காலத்தில் நடைபெறுவதும் வெளிப்படைத்தன்மையின் ஒரு பகுதியே என்பதை இவ்வைந்தாண்டு உணர்த்துகிறது.

பதிவேட்டைப் படித்த மக்கள்

தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவது. கிராம சபையோ ஆண்டுக்குச் சில நாள்களே கூடுவது. இடைப்பட்ட காலத்தில் கணக்கைக் கேட்கும் உரிமைக்கு வழிவகுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதன் பின்னணியில் இராசத்தான் மாநில உழைப்பாளரின் போராட்டம் இருக்கிறது. 1990இல் அங்கே தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு, பொதுப்பணிகளின் வருகைப் பதிவேடுகளையும் பற்றுச்சீட்டுகளையும் பெற்று, அவற்றை ஊர்மக்கள் முன்னிலையில் உரக்கப் படித்தது. இத்தகைய முதல் மக்கள் விசாரணை 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா என்னும் ஊரில் நடைபெற்றது. வேலைக்கே வராதவர் கூலி பெற்றதாகவும், முடிக்கப்படாத கட்டடம் முடிந்ததாகவும் பதிவாகியிருந்தவை இத்தகைய கூட்டங்களில் வெளிப்பட்டன. கூட்டத்தில் அமர்ந்திருந்தோருள் எழுத்தறியாதோர் பலர். ஆயினும் பெயர் படிக்கப்பட்டவுடன், அவர் அன்று வேலைக்கு வந்தாரா இல்லையா என்பதை அவர்களே அறிந்திருந்தனர். எந்தத் தணிக்கையாளரிடமும் இல்லாத அறிவு அது.

தகவல் உரிமைக்கென இந்தியாவில் முதன்முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. விதிவிலக்குகள் மிகுந்திருந்த அச்சட்டத்தின் பயன் குறைவாகவே இருந்தது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி குடிமகன் எவரும் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் எதற்காக வேண்டும் என்று காரணம் கூறத் தேவையில்லை. பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் விடையளிக்க வேண்டும். உயிருக்கோ தனிமனித விடுதலைக்கோ தொடர்புடைய தகவலாயின் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். விடை கிடைக்காதபோது முதல் மேல்முறையீடும், அதன் பின்னர்த் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். காரணமின்றித் தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 உரூபாய் வீதம் 25,000 உரூபாய் வரை தண்டம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இச்சட்டத்தின் 4ஆம் பிரிவு, எவரும் கேட்பதற்கு முன்பே பொது அமைப்புகள் தம் செயல்பாடுகளையும் வரவுசெலவுகளையும் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது.

ஒரு வாய்க்காலின் கணக்கு

இவ்வுரிமையை நடைமுறையில் பயன்படுத்தும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு சிற்றூரின் தெருவில் கழிவுநீர் வாய்க்கால் கட்டப்படுவதாகக் கொள்வோம். அப்பணி ஊராட்சித் தீர்மானத்தில் தொடங்குகிறது. பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. வேலை உத்தரவு வழங்கப்படுகிறது. பணி நடக்கும்போது நீளம், அகலம், ஆழம் ஆகியவை அளவுப் புத்தகத்தில் பதியப்படுகின்றன. அப்பதிவின் அடிப்படையில் பட்டியல் தயாராகித் தொகை வழங்கப்படுகிறது.

மதிப்பீட்டின் படியும் அளவுப் புத்தகத்தின் படியும் கையில் இருந்தால், ஓர் அளவுநாடாவைக் கொண்டு பள்ளி மாணவரும் அவ்வாய்க்காலைச் சரிபார்க்கலாம். ஏட்டிலுள்ள நீளமும் தெருவிலுள்ள நீளமும் ஒத்திருக்கின்றனவா என்பதே கேள்வி. தகவல் உரிமை என்பது தாள்களைப் பெறுவதோடு முடிவதில்லை. நடைபெறும் பணியை நேரில் பார்வையிடவும், குறிப்பெடுக்கவும், பயன்படுத்தப்படும் பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் அச்சட்டம் இடமளிக்கிறது. அளவு ஒத்திருந்தால் ஊராட்சியின்மீது மக்களின் நம்பிக்கை வளர்கிறது. ஒத்திராவிடின் அடுத்த கிராம சபையில் கேட்பதற்குச் சான்றுடன் கூடிய கேள்வி கிடைக்கிறது. எந்நிலையிலும் ஊருக்கு இழப்பில்லை.

நேர்மையான உறுப்பினருக்கும் இது பாதுகாப்பு. மறைக்கப்பட்ட கணக்கைச் சுற்றி வதந்தி வளரும்; செலவிட்ட ஒவ்வொரு காசும் ஐயத்துக்கு உள்ளாகும். திறந்த கணக்கு அந்த ஐயத்தைத் தீர்த்துவிடும்.

நகரத் தெருவும் பகுதி சபையும்

கிராம சபை ஊரகத்துக்கு உரியது. சங்கரன்கோவில் போன்ற நகராட்சியில் வாழ்வோர், தெருக்குழாயில் நீர் வராத குறையை வார்டு உறுப்பினரிடமோ அலுவலகத்திலோ தனித்தனியே முறையிடும் நிலையே நெடுங்காலம் இருந்தது. இக்குறையைப் போக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகளை வெளியிட்டது. வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படும். அப்பகுதியின் வாக்காளர்கள் பகுதி சபையில் கூடுவர். அவர்கள் கூறும் குறைகளும் முன்னுரிமைகளும் வார்டு உறுப்பினரைத் தலைவராகக் கொண்ட வார்டு குழு வழியாக மன்றத்துக்குச் செல்லும். முதல் பகுதி சபைக் கூட்டங்கள் அவ்வாண்டு நவம்பர் 1 அன்று நடைபெற்றன. சங்கரன்கோவில் நகராட்சியின் வார்டுகள் 30. உத்திரமேரூரின் குடும்புகளும் 30. எண்ணிக்கை ஒத்திருப்பது தற்செயலே. ஆனால் பேரூரைச் சிறு பகுதிகளாகப் பிரித்தால்தான் மக்களின் குரல் கேட்கும் என்னும் எண்ணம் இரண்டுக்கும் பொதுவானது.

மக்கள் குறை கூறுவதோடு நில்லாமல் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதிலும் பங்கேற்ற இடங்கள் உண்டு. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் மக்கள் பகுதிவாரியாகக் கூடி, நகரின் முதலீட்டுச் செலவுகளில் எது முதலில் என்று முடிவெடுத்தனர். கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, அதன் பயன்பாட்டைக் கிராம சபைகளில் விவாதிக்கச் செய்தது. கேட்பதற்கு உரிமையும் முடிவெடுப்பதற்குப் பணமும் சேர்ந்திருந்தால் மக்கள் கூட்டத்துக்கு வருவர் என்பதை இவை காட்டுகின்றன.

கேட்பவரும் கேட்கப்படுபவரும்

விதிகள் இத்தனை இருந்தும் பல கூட்டங்களில் நாற்காலிகள் வெறுமையாகக் கிடப்பதுண்டு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவுடன் மக்கள் கலைந்து செல்வதும், முன்னரே எழுதப்பட்ட தீர்மானம் விவாதமின்றி நிறைவேறுவதும் உண்டு. மக்களின் அக்கறையின்மை மட்டும் இதற்குக் காரணம் அன்று. கூட்டத்துக்கு வந்தால் ஒருநாள் கூலி போகும். சிற்றூரில் தலைவர் உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ வேலை கொடுப்பவராகவோ இருப்பார். அவரைக் கேள்வி கேட்பது பகை என்று கருதப்படும். பெண் தலைவரின் இடத்தில் அவருடைய குடும்பத்து ஆண் அமர்ந்து பேசும் ஊர்களில், பிற பெண்களும் பேசத் தயங்குவர்.

இத்தடைகளைக் குறைக்கும் வழிகள் எளியவை. கூட்டத்தின் நாளும் பொருளும் முன்கூட்டியே தண்டோரா மூலமும் அறிவிப்புப் பலகை மூலமும் எல்லாத் தெருக்களுக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். கணக்கு எளிய தமிழில், பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும். படிக்க இயலாதோர்க்காக உரக்கப் படிக்கப்படவும் வேண்டும். கேட்கப்பட்ட கேள்வியும் அளிக்கப்பட்ட விடையும் தீர்மானப் புத்தகத்தில் பதியப்பட வேண்டும். முந்தைய கூட்டத்தின் தீர்மானங்களுள் நிறைவேறியவை எவை, நிறைவேறாதவை எவை என்று கூறிய பின்னரே புதிய கூட்டம் தொடங்க வேண்டும். கேட்பவரும் பணிவாகக் கேட்க வேண்டும். கேள்வி ஆளைப் பற்றியதாக இராமல் கணக்கைப் பற்றியதாக இருத்தல் வேண்டும்.

இவ்வகுப்பில் பயிலும் மாணவர் பலர் ஓரிரு ஆண்டுகளில் 18 வயதை எட்டுவர். அவர்தம் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறும் நாளிலேயே அவர்கள் தம் ஊரின் கிராம சபையிலோ தம் தெருவின் பகுதி சபையிலோ உறுப்பினராவர். அதற்கு வேறு விண்ணப்பம் தேவையில்லை. மானூர்ச் சபையில் பங்குடையோர் மட்டும் அமர்ந்தனர். இன்று அவ்வூர்ச் சாலையில் பயணம் செய்யும் நெசவாளியின் மகளுக்கும் பூக்கட்டுபவரின் மகனுக்கும் சபையில் இடம் உண்டு. அவர்கள் அவ்விடத்தில் சென்று அமர்ந்து, படிக்கப்படும் கணக்கைக் கவனமாகக் கேட்டு, விளங்காததை எழுந்து வினவும்போதே அவ்வுரிமை பயனுடையதாகிறது.